பதினொரு வண்டிகளின் தாக்கோல்

பாறசாலை ஸ்டேஷனுக்கு வெளியே, தகரக் கூரைக்கடியில்,
நூற்றிநாற்பது வண்டி.
பாதிக்கு கேஎல் நம்பர், பாதிக்கு டிஎன்.
டோக்கனின் பின்பக்கம் மலையாளத்தில் அச்சடித்திருக்கிறது:
திருட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.
தமிழிலும் அதேதான், இரண்டு எழுத்துப்பிழையோடு.

களியக்காவிளையிலிருந்து ராத்திரிக் காவலுக்கு வருகிறேன்.
முதல் வருஷம், ஒரு மழைநேரத்தில்,
என் தாக்கோலை அடுத்தவன் வண்டியில் நுழைத்துவிட்டேன்.
திரும்பியது.

பன்னிரண்டு வருஷம் தேய்ந்த தாக்கோலுக்குப் பல் கிடையாது.
துவாரத்துக்கும் வயசாகியிருந்தால்
ரெண்டும் சமாதானமாகப் போய்விடுகின்றன.
அன்றைக்கு விடியுமுன்
வரிசை வரிசையாகப் போய்த் திருப்பிப் பார்த்தேன்,
திரும்பவும் பூட்டிவைத்தேன்.
திருட்டா இது? இன்றுவரை தெரியாது.
பதினொன்று.

சைக்கிள்காரப் பிள்ளைகளுக்கு எண் பூட்டு.
ரயில் ஊதிவிட்டால்
கடைசி எண்ணை மட்டும் ஒன்று தள்ளிவிட்டு ஓடுவார்கள்.
நான் ஒன்று பின்னால் நகர்த்துவேன்.
2007. 2008. மறுபடியும் 2008.
கம்பியில் தொங்குகின்றன பிறந்த வருஷங்கள்.

நானும் சமர்த்தன் இல்லை.
முன்பொரு சைக்கிள் வைத்திருந்தேன்.
சந்தையில் விரல் பருமனுக்குச் சங்கிலி வாங்கி,
தூணோடு சேர்த்து முன்சக்கரத்தைப் பூட்டி,
சாயா குடித்துவிட்டு வந்தேன்.
முன்சக்கரம் பத்திரமாக இருந்தது.

ஒன்பது நாற்பது ரயிலுக்கு ஜெஸ்லெட் வந்திறங்கினாள்.
ஆஸ்பத்திரி வேலை, வீடு பளுகல் பக்கம்.
என் மேசையில் பையைக் கவிழ்த்தாள்:
டிபன் டப்பா, மாத்திரை அட்டை, ஜெபமாலை, நனைந்த குடை.
"பெல்லார்மின் அண்ணே, தாக்கோலு களஞ்சு போச்சு."

காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம்.
உதவிதானே என்று
என் இடுப்பிலிருந்ததை எடுத்தேன்.
ஹேண்டில் விடுபட்டது. நியூட்ரல் பச்சை எரிந்தது.

அவள் சிரிக்கவில்லை.
"அப்பம் இது ஆருக்கும் தொறக்குமா?"

"ஆருக்கும் இல்லே" என்றேன்.
அடுத்த சொல் நாக்கில் வந்து நின்றது: எனக்குத்தான்.
அது இன்னும் மோசம். விழுங்கினேன்.

அந்நியனுக்கு வாலாட்டிய வீட்டுநாயைப் பார்ப்பதுபோல்
வண்டியைப் பார்த்தாள்.
மாப்பிள்ளை சோகாரில், ஆறு வருஷம்.
முற்றத்தில் ஹேண்டிலை ஒடித்துப் பூட்டுவாளாம்,
அந்தக் 'களக்' கேட்ட பிறகுதான் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவாளாம்.
இதை என்னிடம் சொல்லவில்லை. வண்டியிடம் சொன்னாள்.

பிறகு, திறந்து நின்ற வண்டியை விட்டுவிட்டு,
இருநூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்துப் போனாள்.
நான்தான் மறுபடி பூட்டினேன்.
'களக்' என்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் ராத்திரி டியூட்டி போலிருக்கிறது,
ஆறு மணிக்கு வந்தாள்.
கையில் அலமாரித் தாக்கோல், பல் மழுங்காதது;
பிளாஸ்டிக் உறை கிழியாத மஞ்சள் சங்கிலி.
குனிந்து முன்சக்கரத்தின் கம்பிகளுக்குள் விட்டு
இரண்டு சுற்று, பூட்டு, இழுத்துப் பார்த்தல்.
சக்கரம் சக்கரத்தோடுதான் கட்டப்பட்டிருந்தது.
தூண் ஒரு முழம் தள்ளி, சும்மா நின்றது.
இரண்டு பேர் தூக்கினால் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடலாம்.

"இனி போதும்லா அண்ணே?"

"போதும்" என்றேன்.

அவள் ரயில் போனதும்
நாற்காலியை நகர்த்தி மஞ்சள் சங்கிலியின் அருகே போட்டேன்.
கொசுவர்த்தி கொளுத்தினேன். டார்ச்சை மடியில் வைத்தேன்.
நம்பர் பிளேட்டுகளை வாய்க்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்,
இரண்டு மணி வரை நினைவிருக்கிறது.

கூட்ஸ் வண்டி அதிர எழுப்பியபோது
கிழக்கு வெளுத்திருந்தது.
வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து எண்ணினேன்.
மஞ்சள் சங்கிலி இருந்தது. பதினொன்றும் இருந்தன.
எல்லாமே இருந்தன.
ஏன் இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை.